சீனம் தொடங்கியது, கொரியம் தொடங்கியது, நான் மட்டும் தொடங்கவில்லை

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் பொறாமையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிசயம். ஒருநாள் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு எங்கள் பகுதியின் வில்லரே நூலகத்துக்குப் போனேன். உள்ளே கம்பளி வைத்த குளிர்காலச் சப்பாத்து, கழிவு விலையில் எடுத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த நூலகர் சில்வி எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ஜ சுயி ஜலூஸ்!" என்று சிரித்தார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் திக்கென்றது. யாழ்ப்பாணத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால், வீட்டுக்குப் போனதும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடவேண்டி வரும். அடுத்த வாரம் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. இங்கே அது வெறும் பாராட்டு என்று விளங்கவே ஒரு குளிர்காலம் எடுத்தது. நாங்கள் பொறாமையை வயிற்றுக்குள்ளே வைத்துப் பழகியவர்கள். வெளியே "நல்லாயிருக்கு" என்போம், உள்ளே புகைந்துகொண்டிருக்கும். ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல வேறு வேறு ஊர்களில் பனி தள்ளிக்கொண்டிருப்பவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால், நான் இந்த ஊர்க்காரர்களைப்போலவே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீனர்களையும் கொரியர்களையும் பார்த்தால் பொறாமை. அவர்களுடைய ரயிலையோ தொலைபேசியையோ பார்த்து அல்ல. அவர்களுடைய இலக்கியம் எங்கே தொடங்கியது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரிகிறதே, அதைப் பார்த்து.

நான் யாழ்ப்பாணத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள். இங்கே வீட்டிலேயே கார்தெரி நடத்துகிறேன், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். குழந்தைகளோடு பேசும் பிரெஞ்சு "கையைக் கழுவு", "மூக்கைத் துடை" என்பதற்கு மேல் வளராது. அதை வளர்க்கலாம் என்றுதான் நூலகத்தின் வியாழக்கிழமை வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். கடந்த குளிர்காலத்தில் அங்கே எடுத்துக்கொண்ட பொருள், சீனத்திலும் கொரியத்திலும் நவீன இலக்கியம் தொடங்கிய கதை. நடத்தியவர்கள் இருவர். ஒருவர் மடாம் லின், சீனாவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் சூயொன், முப்பது சொச்சம் வயதுப் பெண், கொரியாவில் பிறந்து இங்கே மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். இருவரும் எழுத்தாளர்கள் அல்லர். தங்கள் மொழியில் நிறைய வாசித்தவர்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான். இதை இங்கேயே குறித்துவைக்கிறேன்.

முதல் கூட்டத்தில் மடாம் லின் எழுந்து நின்று, ஒரு பீடிகையும் இல்லாமல் சொன்னார். "எங்களில் படித்தவர்கள் எழுதிய மொழி ஒன்று, சந்தையில் பேசிய மொழி இன்னொன்று. பல நூறு வருடம் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் சில இளைஞர்கள் ஒரு சஞ்சிகையில், இனிமேல் பேசுகிறபடி எழுதுவோம் என்று அறிவித்தார்கள். அங்கே தொடங்கினோம்." அவ்வளவுதான். சனம் தலையாட்டியது. கையில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பின்னால் உள்ள தட்டில் இருக்கிறது என்றார். அடுத்து சூயொன். "எங்களுக்குச் சொந்தமாக எழுத்து இருந்தது. எங்கள் பெரியமனிதர்கள் அதைத் தொடவில்லை. அது பெண்பிள்ளைகளுக்கான எழுத்து என்று ஒதுக்கிவிட்டுச் சீனத்திலே எழுதினார்கள். பிறகு பத்திரிகைகள் வந்தன, நாடு பறிபோனது. பறித்தவனுடைய நகரத்துக்கே படிக்கப்போன பையன்கள் பத்திரிகையில் தொடராகத் தாய்மொழியில் நாவல் எழுதினார்கள்." மடாம் லின் குறுக்கே, "அப்படிப் பார்த்தால் நம் இரண்டு பேருக்குமே யப்பான்தான் பள்ளிக்கூடம். எங்கள் பையன்களும் அங்கேதான் படித்தார்கள்" என்றார். சூயொன் சிரிக்கவில்லை. "உங்களுக்குப் பள்ளிக்கூடம். எங்களுக்கு அதுவே சிறைச்சாலை. இன்னொன்று, நீங்கள் உதறியது உங்களுடைய சொந்தப் பழைய மொழியை. நாங்கள் முதலில் உதறியது உங்களுடையதை" என்றார். மடாம் லின்னின் முகம் சிவந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து இருவரும் ஒரே தட்டில் எள்ளு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போய் அந்தச் சண்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன அழகான சண்டை! பக்கத்து வீட்டுக்காரர் இருவர் வேலியில் நின்று, உன் பாட்டன் என் பாட்டனுக்கு என்ன செய்தான் என்று கேட்பதுபோல. ஒருத்தர் சொல்வதை மற்றவர் மறுக்க, நடுவில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு இலக்கியமும் விளங்கிவிடுகிறது. சீனனின் தொடக்கம் வீட்டுக்குள் நடந்த கலகம். கொரியனின் தொடக்கம் வீட்டையே பறிகொடுத்தவன் திண்டாடித் தேடிய தொடக்கம். ஒன்றில் கோபம் அதிகம், மற்றதில் வெட்கம் அதிகம். இதெல்லாம் எனக்கு அப்படியே பிடிபட்டது, ஏனென்றால் எங்களிடம் இரண்டுமே இருக்கிறது. எங்களுக்கும் பண்டிதத் தமிழ் ஒன்று, பேச்சுத்தமிழ் ஒன்று. எங்களுக்கும் அந்நியன் கட்டின பள்ளிக்கூடம். பாதிரிமார் கொண்டுவந்த அச்சுக்கூடம் யாழ்ப்பாணத்திலேயே ஓடியது. இவர்கள் தொடக்கம் என்று சொல்கிற காலத்துக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தமிழில் நாவல் அச்சாகிவிட்டது. முந்திப் பிறந்த பிள்ளையை விட்டுவிட்டுப் பிந்திப் பிறந்த இரண்டுக்கும் தொட்டில் கட்டினால் தாய்க்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. அந்த நூலகத்தில் தமிழுக்கு யன்னலோரம் அரைத் தட்டு. சமையல் புத்தகமும் சிறுவர் கதையும். வெப்பக்குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அட்டைகள் வளைந்துபோயிருக்கும்.

இவ்வளவும் பொதுப் பொறாமை. என் சொந்தப் பொறாமை வேறு. அதற்குப் பெயர் ஆரணி, என் மகள். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள், பிரெஞ்சுதான் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் நன்றாக விளங்கும், பேசுவாள், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டவேண்டும். எனக்குத் துணையாக வாசிப்பு வட்டத்துக்கு வந்தவள் என்னை விட்டுவிட்டுச் சூயொனுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். கொரிய நாவலைப் பென்சிலால் கோடு போட்டு வாசித்தாள். கூட்டம் முடிந்தால் இருவரும் மெத்ரோ வரை கதைத்துக்கொண்டு நடப்பார்கள், நான் இரண்டு அடி பின்னால். ஒருநாள் குசினியில் தாங்கமாட்டாமல் கேட்டேன்.

"எங்கட நாவல் இவையின்ரயை விட முந்தினது தெரியுமோ?"

"அப்பிடியே?" என்று நிமிர்ந்தாள். உண்மையாகவே ஆர்வத்தோடுதான் கேட்டாள். "பிரெஞ்சில இருக்கோ?"

"எங்கட நூலகத்தில இல்லை."

"அப்ப நான் என்னெண்டு அம்மா வாசிக்கிறது?"

கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. அதனாலேதான் சுட்டது. அடுத்த வியாழன் நேரே சில்வியிடம் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மடாம் லின்னையும் சூயொனையும் கைகாட்டி, நெஞ்சில் கை வைத்து, "ஜ சுயி ஜலூஸ்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன், கண் கலங்கிவிட்டது. சில்வி பூரித்துப்போய், "ஓ, மெர்சி! நீங்கள் ரொம்ப நல்லவர்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டங்களைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் வாழ்க்கையில் முதல்முதலாகப் பொறாமையை வெளியே சொன்னேன், அதற்கு நன்றி கிடைத்தது. பிறகு ஆரணி வந்து விளக்க வேண்டியதாயிற்று. சில்வி யோசித்தார். இலையுதிர் காலத்தில் தொடரில் மூன்றாவது மொழி ஒன்றைச் சேர்க்கப்போகிறார்களாம். எந்த மொழி என்று ஒரு சிறு குழு தீர்மானிக்கும். தெரிவாகும் மொழிக்கு வியாழக்கிழமைகளும் கிடைக்கும், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் வாங்கி ஒரு தட்டும் வைப்பார்கள். "கடைசிக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் தருகிறேன். உங்கள் தொடக்கத்தைச் சொல்லுங்கள். குழுவில் உள்ளவர்களும் வருவார்கள்." நான் தமிழில் பேசுவது, ஆரணி பிரெஞ்சில் சொல்வது என்று முடிவாயிற்று. எனக்கு அந்தத் தட்டு வேண்டும். அதைவிட, என் மகள் பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தத் தட்டின் முன்னால் நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், வசந்தா என்று ஒரு சிநேகிதி இருக்கிறார், சென்னைக்காரர், கணவர் பேராசிரியர். எதற்கும் கேட்டுவைப்போம் என்று தொலைபேசி எடுத்தேன். "மொதல்ல சங்க காலத்துலேர்ந்து ஆரம்பிங்க. ரெண்டாயிரம் வருஷம்னு சொன்னாதான் இவங்க மதிப்பாங்க. சைனாக்காரங்க முன்னாடி நாம சும்மாவா?" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. இவர், என் கணவர், சம்பலோடு பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "நீ மைக்கைப் பிடிச்சால் விடமாட்டாய், பாத்துக் கதை" என்றார். நான் காதில் விழாததுபோல இருந்தேன். நான் யாரென்று இவருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் முதலாம் இடம் என்னுடையது. அந்த மேடைகளின் முறை எனக்கு இன்றைக்கும் அத்துப்படி. முதலில் தலைவரை விளிக்க வேண்டும், பிறகு நடுவர்களை, பிறகு அதிபரை, ஆசிரியர்களை, போட்டியாளர்களை, கடைசியில் சபையை. விளிக்கிற விளிப்பிலேயே பாதிப் புள்ளி. பிறகு பழம்பெருமை. முதல் மணி அடித்தால் எச்சரிக்கை, அதற்குப் பிறகுதான் குரலை உயர்த்தி விஷயத்துக்கு வரவேண்டும். இரண்டாவது மணிக்குச் சபை கைதட்டலில் அதிர வேண்டும். போரில் செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்த காலத்திலும் நாங்கள் அந்த ஒழுங்கை விடவில்லை. ஒருமுறை தூரத்தில் சத்தம் கேட்டுச் சபையே நிலத்தில் குந்திவிட்டது. எழும்பியதும் நான் மறுபடி தலைவரை விளித்துத்தான் தொடர்ந்தேன்.

கடைசிக் கூட்டத்துக்கு நல்ல சனம். நான் பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எழுந்து, தொண்டையைச் செருமி, அவையைக் கும்பிட்டேன். பெருமதிப்புக்குரிய அவைத்தலைவி சில்வி அவர்களே என்றேன். சீனத் தேசத்தின் செழுமையை எங்கள் செவிகளில் சேர்த்த சான்றோர் மடாம் லின் அவர்களே என்றேன். சூயொனுக்கு அதைவிடச் சற்று நீளமாக ஒன்று. குழுவில் இருந்த மூவருக்கும் ஆளுக்கொன்று. ஆரணி ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, குழுவில் இருந்த தாடிக்காரர் நாற்காலியில் நெளிந்தார். அவருடைய பெயரோடு "நல்லறிஞர்" என்று சேர்த்ததை ஆரணி எப்படிச் சொன்னாளோ தெரியாது, யாரோ சிரித்தார்கள். சிரித்தால் சபை நம்மோடு இருக்கிறது என்று அர்த்தம். நான் உற்சாகமாகச் சங்க காலத்துக்குள் போனேன். ஐந்து நிலங்களையும் விரித்தேன். நெய்தலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன், கடற்கரைக்காரி நான். ஆரணி ஒருமுறை என் பக்கம் சாய்ந்து, "அம்மா, நேரம்" என்றாள். பிறகு பக்தி இலக்கியம். அதைத் தொட்டுக்கொண்டிருந்தபோது சில்வியின் கைத்தொலைபேசி மெல்லிசாகக் கிணுகிணுத்தது.

என் உடம்பு முழுக்க ஒரு சந்தோசம் பரவியது. முதல் மணி! இனித்தான் விஷயத்துக்கு வரவேண்டும். குரலை உயர்த்தினேன். "இனி, எங்கள் நவீன இலக்கியத்தின் தொடக்கத்துக்கு வருகிறேன்!" என்றேன். ஆரணி அதை மொழிபெயர்க்கவில்லை. என் கையைப் பிடித்தாள். சில்வி எழுந்து கைதட்டினார். சபையும் தட்டியது. "மெர்சி, மெர்சி, அற்புதம்!" சனம் குளிர்ச்சட்டையை எடுக்கத் தொடங்கிவிட்டது. நான் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றேன். அச்சுக்கூடம், பத்திரிகை, முதல் நாவல், கவிதையின் கட்டை அவிழ்த்தவர்கள், எங்கள் ஊர் மூலைகளில் சஞ்சிகை நடத்திப் பட்டினி கிடந்தவர்கள் எல்லோரும் என் தொண்டைக்குள்ளே நின்றார்கள்.

பேருந்துக்கு நிற்கும்போது ஆரணி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா, நீங்கள் துவங்கவே இல்லை."

"அது முதலாம் மணிதானே? எச்சரிக்கை மணி."

"இஞ்ச ரெண்டாம் மணி எண்டு ஒண்டு இல்லை அம்மா. ஒரே மணிதான்."

அவள் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். வழியெல்லாம் எனக்கு மடாம் லின்மீதுதான் ஆத்திரம். அவர்களுக்கும் பழம்பெருமை இல்லையா? எங்களைவிடக் குறைச்சலா? அந்த மனுசி அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஒரு சஞ்சிகையில் தொடங்கினோம் என்று சொல்லி உள்ளே போனாரே, அந்தத் துணிச்சல் எங்களுக்கு ஏன் வரவில்லை? கொரியர்களுக்கு வெட்கப்படத் தெரிந்திருந்தது. பெரியமனிதர்கள் எங்கள் எழுத்தை மதிக்கவில்லை என்று சூயொன் சபையில் வைத்துச் சொன்னாரே. நாங்கள் எதையும் உதறியதாகவே ஒத்துக்கொள்ள மாட்டோம். அன்று தொட்டு இன்று வரை ஒரே நதி என்போம். உதறாதவர்களுக்குத் தொடக்கம் எங்கிருந்து வரும்? இதெல்லாம் பேருந்தில் தோன்றிய ஞானம். மைக் முன்னால் தோன்றவில்லை.

மூன்றாவது மொழியாக வியட்நாமியத்தைத் தெரிவு செய்தார்கள். அவர்கள் மேலும் எனக்கு இப்போது பொறாமை, அதை ஒளிக்கவில்லை. சில்வி இதைச் சொல்லிவிட்டு, ஒரு நற்செய்தி வைத்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். என் பேச்சு குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அதனால் வசந்த காலத்தில் நடக்கும் பழைய நாகரிகங்களுக்கான மாலைக் கூட்டத்தில் தமிழையும் சேர்த்திருக்கிறார்களாம். எகிப்து, பபிலோனியா, தமிழ். நான் "மெர்சி" என்றேன். வேறென்ன சொல்ல? சீனத்துக்குப் பழைய அறையும் உண்டு, புது அறையும் உண்டு. எனக்கு ஒரு அறைதான் கிடைத்தது, அதுவும் செத்தவர்களோடு. வீட்டில் இவர் சிரித்த சிரிப்பில் பாண் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆரணிதான், "வாறன் எண்டு சொல்லிப்போட்டு நிக்கக் கூடாது, நானும் வாறன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நான் சுருக்கமாகப் பேசினேன். ஒருவரையும் விளிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு இளைஞர் எகிப்தியக் கல்லெழுத்துகளைப் படங்களோடு காட்டியிருந்தார். அதே வரிசையில் நானும் போய் இரண்டு பழம்பாடல்களைச் சொல்லி, பொருள் சொல்லி, மணி கேட்பதற்கு முன்னமே உட்கார்ந்துவிட்டேன். கேள்வி நேரத்தில் முன் வரிசையில் இருந்த ஒரு வயதான மனுசன் கையை உயர்த்தினார். நல்ல மரியாதையான ஆள். எகிப்துக்காரரிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார். பிரெஞ்சு வேகமாக வந்ததால் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆரணியைப் பார்த்தேன்.  அவள் மைக்கைத் தள்ளிவிட்டு, அந்தச் சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி, தன் பிரெஞ்சு நாக்கால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இவர் கேக்கிறார், தமிழ் எந்தக் காலம் மட்டும் கதைச்சவை எண்டு."

சபை அவள் வாயைப் பார்த்தது. செத்த மொழி என்று நினைத்த ஒன்று, ஜீன்ஸ் போட்ட ஒரு பெட்டையின் வாயிலிருந்து வருகிறது. அந்த மனுசன் தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதை உணர்ந்து கூச்சத்தோடு சிரித்தார். ஆனால் நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. சங்க காலத்தை விடுங்கள், எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டால் அது நியாயமான கேள்வி. ஆரணி மட்டும், அதாவது ஆரணி வரைக்கும். அவளுக்குப் பிறகு? அவள் என் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதை மொழிபெயர்ப்பதற்கு.  நான் அந்த மனுசன் பக்கம் திரும்பி, குழந்தைகளின் கையைக் கழுவுகிற என் பிரெஞ்சில், "ஆங்கோர், மிஸ்யூ" என்றேன். இன்னும் பேசுகிறோம் ஐயா. சனம் கைதட்டியது. மகள் தமிழோடு ஒரு பக்கம், நான் பிரெஞ்சோடு ஒரு பக்கம், நடுவில் அந்த மைக் யாருக்கும் இல்லாமல் நின்றது.